விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்த பங்குனி ஆமை

வணக்கம், நண்பர்களே. இந்தக் காணொளியின் முதற்பாதியில் உங்களுக்குப் பெரும்பாலும் இருட்டு மட்டுமே தெரியும். அலையோசையும், ஈரமணலில் எங்கள் காலடிச் சத்தமும், பிறகு நான் சேர்த்த இந்தக் குரலும்தான் கேட்கும். கேமரா பழுதாகிவிட்டதோ என்று எண்ண வேண்டாம். கரையேறும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும் என்பதால், நடை தொடங்கும் முன்பே கைபேசிகளையும் கேமராவின் விளக்கையும் அணைத்துவிட்டோம்.

இடம் சென்னை, நீலாங்கரை. அங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் ஒவ்வொரு பருவத்திலும் இந்தக் கரையில் இரவு நடை நடந்து, கூடுகளைத் தேடி எடுத்துக் காக்கிறார்கள். பிப்ரவரி மாதத்தின் ஒரு சனிக்கிழமை இரவு அவர்களோடு நானும் நடந்தேன்.

இங்கே வருவது ஆலிவ் ரிட்லி என்னும் இனம். நம் மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பங்குனி ஆமை. ஜனவரியில் தொடங்கிப் பங்குனி பிறக்கும் மார்ச் வரை முட்டையிடும் இந்த ஆமைக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள்.

திருவான்மியூரை நெருங்கியபோது, முன்னால் நடந்த தன்னார்வலர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். அலை தொடும் இடத்திலிருந்து மேட்டை நோக்கி, சிறு டிராக்டர் சக்கரம் உருண்டதைப் போன்ற தடம் ஒன்று சென்றது. திரும்பி வந்த தடம் இல்லை. அப்படியானால் ஆமை இன்னும் கரையில்தான் இருக்கிறது என்று அவர் காதோடு சொன்னபோது என் கைகள் நடுங்கின. நாங்கள் அதன் பின்புறமாகச் சென்று மணலில் படுத்துக்கொண்டோம்.

பின்துடுப்புகள் இரண்டையும் மாற்றி மாற்றி உள்ளே விட்டு, உள்ளங்கையால் அள்ளுவதைப் போல மணலை எடுத்து, வாய் குறுகி அடி அகன்ற குடம் போன்ற குழியை, ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்காமல் அது தோண்டியது. ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம் வந்ததும் முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழத் தொடங்கின. அந்த நேரத்தில் அதன் மூச்சைக் கேட்டேன். நீண்ட, களைத்த பெருமூச்சு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உடலில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண்களும் கலங்கின. முடிந்ததும் மணலைத் தள்ளி மூடி, உடலை இடமும் வலமுமாக ஆட்டி, ஓட்டின் அடிப்பாகத்தால் தொப்புத் தொப்பென்று தட்டிச் சமப்படுத்தியது. இப்போது கேட்கிறதே, அதுதான் அந்த ஓசை.

கடற்கரை மணலில் படரும் அடும்பங்கொடிகளின் பக்கத்தில் நிறைசூல் ஆமை மணலில் முட்டையை மறைத்து வைப்பதையும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அதைக் காப்பதையும் சங்கப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். கொடியும் மணலும் மறைத்து வைத்தலும் இன்றும் அப்படியே இருக்கின்றன. காவல் மட்டும் உண்மையில் இல்லை. ஆண் ஆமை முட்டையிடும் கரைக்கு வருவதில்லை, தாயும் அந்தக் கூட்டுக்குத் திரும்புவதில்லை.

காவலைத்தான் இந்த இளைஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஆமை கடலில் மறைந்த பிறகு 114 முட்டைகளையும் எண்ணி எடுத்தார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். தாமதமானால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் முட்டை புரண்டால் கரு அழிந்துவிடும். பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குட வடிவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இந்த ஆமைக்கு மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இடம் தந்திருப்பதால், உரிய அனுமதி இல்லாத எவரும் முட்டையைத் தொடக்கூடாது. தயவுசெய்து நீங்களாக முயலாதீர்கள்.

விடியும் நேரத்தில் இறந்து ஒதுங்கிய ஓர் ஆமையையும் கண்டோம். அதை நான் படமெடுக்கவில்லை. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கியே இறந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆமை வெளியேறும் வழியுடன் வலைகளை அமைக்க முடியும் என்னும்போது அது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

நாற்பத்தெட்டாம் நாள் மாலை மீண்டும் சென்றேன். மணல் முதலில் லேசாக உள்வாங்கியது, பிறகு ஒரு மூக்கு, பிறகு கொதிக்கும் பாலைப் போல எல்லாம் ஒன்றாக மேலே வந்தன. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கியே நகரும். இயற்கையில் அது கடல், நகரத்திலோ அது தெருவிளக்கு. அதனால் தன்னார்வலர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் கைவிளக்குடன் நின்றார். குஞ்சுகளைக் கையில் எடுத்துச் சென்று கடலில் விடாமல், தாமாகவே மணலில் ஊர்ந்து செல்லவிட்டார்கள்.

கடைசிக் குஞ்சை இரண்டு அலைகள் கரைக்குத் திருப்பித் தள்ளின. மூன்றாவது அலை எடுத்துச் சென்றது. அவர் விளக்கை அணைத்தார்.