வேட்டை, மீன்பிடி விடுதிக்குப் புறப்படும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கும் நாடுகளில், வேட்டைக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் என்றே காட்டோரங்களில் விடுதிகள் உண்டு. தங்க இடம், சாப்பாடு, படகு, வழிகாட்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. உரிமம் மட்டும் பெரும்பாலும் நம் பொறுப்பு. அறைக்கு முன்பணம் கட்டுவதற்குள் இதைக் கேட்டுவிடுங்கள். கூடவே, எந்த விலங்குக்கு எந்தத் தேதி வரை பருவம், மீனைக் கொண்டுபோகலாமா அல்லது திருப்பி விட வேண்டுமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை விருந்தினர் என்பதையும் கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், நாளில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே போய்விடும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ரைபிளைச் சோதிப்பது. வண்டிக் குலுக்கலில் ஸ்கோப்பின் (ரைபிள் மேல் பொருத்திய, குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகு ஒன்று தளர்ந்தாலே குறி மாறிவிடும். சுடுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில், 100 மீட்டர் தூரத்தில் அட்டை வைத்து, குழல் ஆற இடைவெளி விட்டு மூன்று தோட்டா சுடுங்கள். மூன்றும் ஒன்றாகக் கூடி, ஆனால் மையத்தை விட்டு விலகியிருந்தால் ஸ்கோப்பைத் திருத்தினால் போதும். பல ஸ்கோப்புகளில் திருத்தும் குமிழை ஒரு ‘கிளிக்’ (ஒரு படி) திருப்பினால், அது குறியை அந்தத் தூரத்தில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். மூன்றும் மூன்று பக்கம் சிதறியிருந்தால் ஸ்கோப்பைத் தொடாதீர்கள்; முதலில் அதைப் பிடித்திருக்கும் திருகுகளைப் பாருங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால்தான் இந்தச் சோதனை. வேறு எடையுள்ள தோட்டா வேறு இடத்தில் விழும்.

தூண்டில்காரர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் முடிச்சில்தான். தூண்டில் நரம்பை, அதாவது மீன்பிடி இழையை, தூண்டில் முள்ளின் காதில் கோத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, அதைக் காதை ஒட்டிய சின்ன வளையத்தில் நுழைத்து, பிறகு அப்படி நுழைத்ததில் உருவாகும் பெரிய வளையத்திலும் நுழைத்து, எச்சிலால் நனைத்து, மெல்ல இறுக்க வேண்டும். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டிலேயே அது பலம் இழக்கும். மீன் அறுத்துக்கொண்டு போனால் மிச்ச நரம்பின் நுனியைப் பாருங்கள். பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது. முடிச்சிலிருந்து தள்ளி, சொரசொரப்பாக அறுந்திருந்தால் கல்லில் உரசிய நரம்பு. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கிப் பிடித்து விடும் பிரேக்கை) கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிட வேண்டாம். நான்கு கிலோ தாங்கும் நரம்பு என்றால், வில் தராசில் மாட்டி இழுக்கும்போது ஒரு கிலோவில் நரம்பு வெளியேற வேண்டும். ராடு, அதாவது தூண்டில் கோல், வளையும்போது நரம்பு ஓடும் வளையங்களில் உரசல் கூடுவதால் அந்த மிச்ச பலம் தேவைப்படும்.

திருப்பி விட வேண்டிய மீன் என்றால், முள்ளின் எதிர்ப்பல்லை (முள் கழலாதபடி பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை) குறடால் நசுக்கிவிட்டே தொடங்குங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும். காய்ந்த கை, அதன் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும். அந்தப் பூச்சுதான் கிருமிக்கு அதன் கவசம். படம் எடுக்க வேண்டுமானால் மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், கேமரா தயாரானதும் சில நொடிகள் மட்டும் தூக்குங்கள். செவுளில் விரல் வைக்கவே கூடாது. ஓடும் தண்ணீரில், நீரோட்டத்தைப் பார்த்தபடி பிடித்திருந்தால், தெம்பு வந்ததும் அதுவே கையை உதறிக்கொண்டு போகும். குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீன் இருக்கும் ஆற்றில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், தயவுசெய்து தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. விட்ட பிறகும் மீன் செத்துப்போகலாம்.

இறைச்சியைக் கெடுப்பது சூடு. மான் விழுந்ததும் தாமதிக்காமல் குடலை எடுத்து, வயிற்றுக் குழியைக் குச்சி வைத்துத் திறந்து, காற்றுப் படும்படி நிழலில் தொங்கவிட வேண்டும். தொடையில் எலும்பை ஒட்டிய இடம்தான் கடைசியாக ஆறும், முதலில் கெடும். வெயில் நாளாக இருந்தால் தோலையும் உடனே உரித்துவிடுங்கள். பெட்டியில் வைக்கும்போது ஐஸ் உருகிய தண்ணீரில் இறைச்சி ஊறாதபடி, அடியில் ஒரு தட்டியும், தண்ணீர் வடியும் துளையைத் திறந்தும் வையுங்கள்.