கிட்னி மாத்துனவங்க மத்தியான சுகரையும் பாருங்க

வணக்கம் நேயர்களே. கிட்னி மாத்து ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்ககிட்டயும் அவங்களுக்கு சமைச்சுப் போட்டு மாத்திரை எடுத்துக் குடுக்குறவங்ககிட்டயும்தான் இன்னைக்கு பேசணும்னு வந்திருக்கேன்.

"முன்னாடி சுகரே இல்லையே டாக்டர், இப்ப எங்கேருந்து வந்துச்சு"ன்னு நெறைய பேரு கேக்குறாங்க. புது கிட்னிய உடம்பு தள்ளிவிட்டுடக் கூடாதுன்னு குடுக்குற மாத்திரைங்கதான் பெரிய காரணம். அதுல டாக்ரோலிமஸ்ங்குற மாத்திரை கணையத்துல இன்சுலின் சுரக்குறதக் கொறைக்கும், ஸ்டீராய்டு மாத்திரை இருக்குற இன்சுலினையும் ஒழுங்கா வேலை செய்ய விடாது, போதாததுக்கு டயாலிசிஸ்ல வாய்க்கு ருசியே இல்லாம கெடந்த மனுஷனுக்கு இப்ப நல்லா பசிக்கும், நம்ம ஊர்ல சாம்பாருக்கு ஒரு தடவ ரசத்துக்கு ஒரு தடவ மோருக்கு ஒரு தடவன்னு சோறு போயிட்டே இருக்கும், எடையும் ஏறிடும்.

இதுல ஒண்ண மட்டும் நல்லா கேட்டுக்கங்க. ஸ்டீராய்ட காலைல போடுறதால சுகர் மத்தியானத்துக்கு மேலதான் ஏறும், ராத்திரி போகப் போக எறங்கிடும். திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயி ஒருத்தர், வெறும் வயித்துல 98 தான்னு நிம்மதியா இருந்தாரு, சாப்ட்டு 2 மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பாத்தா 264. அதனால வெறும் வயித்து டெஸ்ட மட்டும் நம்பாதீங்க. மூணு மாச சராசரி சுகர் டெஸ்டும் (HbA1c) ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல ரத்தசோகை இருந்தாலோ ரத்தம் ஏத்தியிருந்தாலோ தப்பாக் காட்டும்.

சுகர் ஏறுதேன்னு பயந்து கிட்னிக்காகக் குடுத்த இந்த மாத்திரைங்கள நீங்களா நிறுத்திடாதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன். கிட்னியே போயிடும். அளவக் கொறைக்கிறதா, இன்சுலின் போடுறதாங்கறத டாக்டர் பாத்துக்குவாரு. ஸ்டீராய்டு அளவு கொறையக் கொறைய சில பேருக்கு சுகரும் எறங்கும், சில பேருக்கு எறங்காம அப்படியே தங்கிடும்.

கொலஸ்ட்ரால் வலிக்காது, அதனாலயே விட்டுடுறாங்க. ஸ்டீராய்டு, அதே மாதிரி புது கிட்னிய உடம்பு தள்ளாம இருக்கக் குடுக்குற சைக்ளோஸ்போரின், சிரோலிமஸ் எல்லாமே கொழுப்ப ஏத்தும். கிட்னி நல்லா ஓடிட்டு இருக்கும்போதே ஹார்ட் அட்டாக்ல போனவங்க உண்டுங்க, மனசு ஆறவே மாட்டேங்குது. கொழுப்பக் கொறைக்குற மாத்திரையும் பக்கத்துக் கடைல கேட்டு வாங்குற சமாச்சாரம் இல்ல, சைக்ளோஸ்போரின் சாப்புடுறவங்களுக்கு சிம்வாஸ்டாட்டின்ங்குற கொழுப்பு மாத்திரை ஆகவே ஆகாது, தசை கரைஞ்சு கிட்னியவே பாதிக்கும். கொழுப்பு மாத்திரை எது சாப்ட்டாலும் தொடை தோள்னு சதை வலிச்சு யூரின் டீ டிக்காஷன் மாதிரி போச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பம்பளிமாஸ் பழமும் வேணாம், டாக்ரோலிமஸ் அளவ ரத்தத்துல எகிற வச்சிடும்.

நடவு நேரத்துல வெறுங்கால்ல சேத்துல எறங்காதீங்க, எதிர்ப்பு சக்தி கொறைவு, சுகரும் இருந்தா சின்ன கீறலே பெரிய புண்ணாயிடும். டாக்ரோலிமஸ் லெவல் டெஸ்ட் அன்னைக்கு காலை மாத்திரையப் போடாம கையில எடுத்துட்டுப் போங்க, ரத்தம் குடுத்த உடனே போட்டுக்கங்க, மத்தியான சுகர் எழுதுன நோட்டையும் அப்பவே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வணக்கம்.