லூயிஸ் விடாமல் காத்த உரிமை

நேயர்களுக்கு வணக்கம். பனார்-லெவஸோர் என்ற பெயரை இன்று சாலையில் பார்க்க முடியாது; அந்த நிறுவனம் கார் செய்வதை 1967இல் நிறுத்திவிட்டது. ஆனால் கார் செய்து விற்கத் தொடங்கிய உலகின் முதல் சில நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

பாரிஸில் மரம் அறுக்கும் இயந்திரங்கள் செய்துவந்த தொழிற்சாலை அது. ரெனே பனார், எமில் லெவஸோர் என்ற இரண்டு பொறியாளர்கள் அதை நடத்தினார்கள். அவர்களைக் கார் பக்கம் திருப்பியதில் ஒரு பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. கார் வரலாற்றில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது என்பது எனக்கு வருத்தம்.

ஜெர்மனியின் டைம்லர் உருவாக்கிய பெட்ரோல் எஞ்சினுக்கான பிரெஞ்சு உரிமையை எட்வார் சராஸான் என்ற வக்கீல் கவனித்துவந்தார். 1887 கடைசியில் அவர் இறந்துபோனார். அவர் மனைவி லூயிஸ் ஒதுங்கிக்கொள்ளவில்லை. டைம்லருக்குக் கடிதம் எழுதினார், அப்புறம் டைம்லர் இருந்த கான்ஷ்டாட் ஊருக்கு நேரிலேயே போய்ப் பேசினார். உரிமை அவரிடமே நிலைத்தது. 1890இல் அவர் லெவஸோரை மணந்தார். அந்த எஞ்சினை பனார்-லெவஸோர் தொழிற்சாலையே செய்தது. பெஜோ என்ற இன்னொரு பிரெஞ்சு கார் நிறுவனமும் தன் முதல் பெட்ரோல் கார்களுக்கு அங்கேதான் எஞ்சின் வாங்கியது.

முதலில் எஞ்சினை இருக்கைக்கு அடியில் வைத்துப் பார்த்த லெவஸோர், 1891இல் அதை வண்டியின் முன்பக்கம் கொண்டுவந்தார். அதற்குப் பின்னால் கிளட்ச், அப்புறம் கியர்பெட்டி, அங்கிருந்து பின்சக்கரங்களுக்குச் சங்கிலி. குதிரை இல்லாத குதிரைவண்டியாக இருந்தது, கார் என்ற தனி உருவம் பெற்றது இங்கேதான் என்பேன். பல பத்தாண்டுகள் உலகமே இந்த வரிசையைப் பின்பற்றியது.

1895 ஜூனில் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயம் நடந்தது. கிட்டத்தட்ட 1,180 கிலோமீட்டர். வழியில் ரூஃபெக் என்ற ஊரில் மாற்று ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். லெவஸோர் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் போய்விட்டார். மாற்று ஓட்டுநரோ தூக்கத்தில் இருந்தார். சரி, நானே ஓட்டுகிறேன் என்று லெவஸோர் கிளம்பிவிட்டார். இரண்டு இரவுகளைத் தாண்டி, 48 மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக அவரே ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். அடுத்த வண்டி வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. ஆனாலும் முதல் பரிசு பெஜோ வண்டி ஒன்றுக்குப் போனது. நான்கு இருக்கை வண்டிக்குத்தான் அந்தப் பரிசு; லெவஸோருடையதில் இரண்டே இருக்கை.

மறு ஆண்டு பாரிஸ்-மார்செய் பந்தயத்தில் வண்டி கவிழ்ந்து அடிபட்டார். 1897 ஏப்ரலில் காலமானார். அவர் வண்டியோட்டி வருவது போன்ற சிற்பம் பாரிஸின் போர்த் மையோவில் நிற்கிறது. அந்த 48 மணி நேர ஓட்டம் முடிந்த இடம் அது.