காலை இழுத்து நடந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள்

(திருமங்கலத்தில் ஓய்வூதியர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, என்னைப் பேச அழைத்த செயலாளர் ஐயா அவர்களே, பெயரை விட்டால் கோபித்துக்கொள்ளும் பொருளாளர் அவர்களே, முன்வரிசை அண்ணன்மார்களே, அக்காமார்களே, மைக் செட் போட்ட தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

நடை, சிறுநீர், மறதி என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். மூளைக்குள் நீர் தேங்கும் ஒரு நோயின் அடையாளங்கள் இவை. எக்ஸ்ரே அறையிலேயே தலை நரைத்தவன் நான். அதனால் படத்தைப் பற்றிப் பேச்சு கொஞ்சம் நீளும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள். தலைக்குள் வரும் வெள்ளத்துக்கும் அது பொருந்தும்.

எங்கள் பெரியப்பா உசிலம்பட்டிப் பக்கம். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மொய் நோட்டு அவர் கையில்தான். யார் எந்த வருஷம் எவ்வளவு செய்தார் என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்லுவார். ஒரு காதுகுத்து வீட்டில் பந்தலுக்குள் வருகிறார், கால் தரையை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்கிறது. அகட்டி வைத்து இழுத்து இழுத்து வருகிறார். திரும்பச் சொன்னால் நாலைந்து எட்டு வைத்துத்தான் திரும்புகிறார். "பெரியவர் காலையிலேயே போட்டுட்டாரா?" என்று இளவட்டங்கள் சிரித்தார்கள். மனுஷன் வாழ்நாளில் கள் கூடத் தொட்டதில்லை! ஐந்நூறை ஐம்பது என்று எழுதினார். அந்த வீட்டுக்காரர் இன்றுவரை பேசுவதில்லை. அப்புறம் வேட்டி நனைந்துவிட்டது. பெரியம்மா சொம்புத் தண்ணீரை மடியில் கொட்டி, "தண்ணி தட்டிவிட்டுருச்சு" என்று மானத்தைக் காப்பாற்றினார்.

சி.டி. எடுத்தோம். "வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்" என்று அறிக்கை வந்தது. வீட்டில் எல்லாரும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

அங்கேதான் சங்கதி. மூளைக்குள் தினமும் ஏறக்குறைய அரை லிட்டர் நீர் சுரக்கிறது. ஒரு நேரத்தில் இருப்பில் இருப்பதோ 150 மில்லி அளவுதான். வடிகால் மந்தமானால் கலுங்கு அடைத்த கண்மாய்தான். உள்ளே இருக்கும் அறைகள் விரிகின்றன. முதுகில் ஊசி போட்டு அளந்தால் அழுத்தம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். அதனால்தான் நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபாலஸ், அதாவது அழுத்தம் ஏறாமலே மூளையில் நீர் தேங்கும் நோய் என்று பெயர். கொலம்பியா நாட்டு சாலமோன் ஹக்கீம் 1965-இல் இதை உலகத்துக்குச் சொன்னார்.

படத்தில் முதலில் பார்ப்பது எவான்ஸ் அளவு. நீர் அறைகளின் முன்கொம்புகள் எவ்வளவு அகலம் என்று அளந்து, அதே படத்தில் மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுப்பது. 0.3-ஐத் தாண்டினால் அறை பெரிது. ஆனால் மூளை சுருங்கினாலும் அறை பெரிதாகத்தான் தெரியும். இந்த ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் முன்பக்கம் இருந்து வெட்டிய படத்தில் கலோசல் கோணம், அதாவது இடது வலது நீர் அறைகளுக்கு நடுவே விழும் கோணம் பார்க்க வேண்டும். இந்த நோயில் அது பெரும்பாலும் 90 டிகிரிக்கும் கீழே குறுகியிருக்கும். உச்சந்தலைப் பக்கம் மூளை மடிப்புகள் நெருக்கியடித்து நிற்கும், பக்கவாட்டில் சில்வியன் பிளவு என்னும் பள்ளம் அகன்றிருக்கும். வெறும் சுருக்கம் என்றால் மேலேயும் இடைவெளி விட்டிருக்கும்.

பெரியப்பா படத்தில் இதை ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். முதுகில் 40 மில்லி நீர் எடுத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தார். நடை மாறியது. தேங்கும் நீரை வடித்துவிட ஷன்ட் என்னும் குழாய் வைத்தார்கள். இப்போது நன்றாக நடக்கிறார். ஞாபகம்தான் பாதி திரும்பியது. தான் செய்ய வேண்டிய மொய் மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாவது, சிறுநீர். இதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. வெட்கம். ஸ்கேனுக்கு மதுரை போகலாம் என்றால், "வழியில் எங்கே இறங்குவேன்?" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கவுன்சிலர் அம்மா, போன வருஷமும் உங்களிடம் இதைத்தான் கேட்டேன். பேருந்து நிறுத்தம்தோறும் வயசானவர்களுக்கு என்று கைப்பிடி வைத்த, தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். நிழற்குடையில் எல்லார் பெயரும் எழுத இடம் இருக்கிறது, இதற்கு இடம் இல்லையா? வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னால், நீங்கள் வெள்ளம் வந்த பிறகு கமிட்டி போடுகிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, உரிமையோடு சொல்கிறேன்.

மறதி பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கழிப்பறை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வீட்டில் யாராவது காலை இழுத்து நடந்தால், பழைய ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போங்கள். கலோசல் கோணம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.