ஆமா போடும் வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம். தாளத்தை வைத்து நடனமும் நாடகமும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். "அப்போ பரதநாட்டிய டீச்சரா?" என்று நாகர்கோவிலில் கேட்காத ஆளில்லை. பரதம் படித்தவள்தான். ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் அரங்கேற்றம் செய்யப் போவதில்லை. சிலருக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம்.

இந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. சுவிட்சர்லாந்து இசையாசிரியர் எமில் ஜாக்-டால்குரோஸ். 1892இல் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். மாணவர்கள் இசைப் பாடத்தைத் தாளில் பிழையில்லாமல் எழுதினார்கள். அது காதில் எப்படி ஒலிக்கும் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. சரி, எழுந்து நடங்கள் என்றார். லயம் முதலில் உடம்பில் ஏறட்டும் என்பது அவர் கணக்கு. பிறகு ஜெர்மனியில் ஹெலராவ் என்ற ஊரில் இதற்கென்றே பள்ளி நடத்தினார். மேடை ஒளியமைப்பில் பேர்பெற்ற அடோல்ஃப் அப்பியா அங்கே அவரோடு இருந்தார். முதல் உலகப் போர் வந்தது, 1915இல் ஜெனீவாவில் மறுபடியும் தொடங்கினார்.

நமக்கு இது புதிதா என்ன? கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புலவர் வீசுகோலால் நாணைத் தட்ட, உடுக்கும் குடமும் சேர்ந்துகொள்ள, பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போடுவாரே, அவரைக் கவனியுங்கள். கதை வேகமெடுத்தால் அந்த ஆமா சுருங்கும். அழுகைக் கட்டத்தில் இழுபடும். கொஞ்சம் பிந்தினாலும் கதை நொண்டும். எதிராளி பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்ல, நாடகத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை. அதனால் என் வகுப்பில் முதலில் யாருக்கும் வசனம் கிடையாது, ஆமா மட்டும்தான். கூச்சக்காரப் பிள்ளையும் அதைச் சொல்லிவிடும்.

பிழைப்பைச் சொல்லவா? ஆண்டு விழா நெருங்கும்போதுதான் பள்ளிகளுக்கு நம் நினைவு வரும். "சினிமாப் பாட்டுக்கு ஒரு டான்ஸ், சீக்கிரம்" என்பார்கள். செய்துகொடுப்பேன், வாடகை கட்ட வேண்டுமே! ஆனால் வாரம் ஒரு மணி நேரம், வருஷம் முழுக்க விட்டால்தான் பிள்ளைகளிடம் மாற்றம் தெரியும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். தகதிமி என்று சொல்லி, எழுத்துக்கு ஓரடியாக நடங்கள். முதல் 'த' எப்போதும் ஒரே காலில் விழும். அப்புறம் தகிட. இப்போது அது கால் மாறி மாறி விழும். பிடிபட்டதும் சொல்லை நிறுத்திவிட்டு, அந்த 'த' வரும் இடத்தில் மட்டும் எல்லோரும் கைதட்டுங்கள். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று வீடே சிரிக்கும். வணக்கம்.