அழுவதற்கு ஓர் ஆள்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, எங்கள் திரைப்படக் கழகத்தின் அழைப்பைத் தட்டாமல் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நாற்காலிகளையும் தேநீரையும் பொறுப்பேற்றுக்கொண்ட நகைக்கடை அண்ணாச்சி அவர்களே, மைக் செட் தம்பி, வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் அது நன்றியாகாது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் வகுப்பு முழுவதையும் வரிசையாக நடத்தி டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப்போனவர் அவர். அரை டிக்கெட் காசு இல்லாத ஏழெட்டுப் பேருக்குச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடவில்லை. கொட்டகைக்கு வெளியே மணலில் உட்காரவைத்து, "என்னடா பார்த்தீங்க, சொல்லுங்க" என்றார். அரை மணி நேரம் பேசினோம். அந்த மணல்தான் நான் படித்த சினிமாக் கல்லூரி. ஐயா, அந்த வணக்கத்தோடு தொடங்குகிறேன்.

உறுப்பினர் அம்மாவிடம் கடைசியில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. நூலகத் தெருவில் விளக்கு எரிவது அவர் முயற்சியால் என்பது இந்த ஊருக்கே தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கேட்கப் போகிறேன்.

இன்று மூன்று விஷயங்களைக் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ என்ற படம் என்னை ஏன் ஏமாற்றியது. இரண்டு, வெஸ்டர்ன் படங்களில், அதாவது குதிரையும் துப்பாக்கியுமாக அமெரிக்க மேற்கில் நடக்கும் படங்களில், ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு இருந்த கனம். மூன்று, அந்தப் படத்தில் வரும் லிங்கன் கடிதம்.

என் அப்பா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலாகாதா? உலை வைத்து, அரிசி போட்டு, கொதிக்கும்வரை காத்திருந்தவன், தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் கையை விட்டுச் சுட்டுக்கொள்வான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெஸ்டர்ன் எனக்குப் பிடித்த வகை. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரை ஏறிய படங்களில் தொடங்கிய ஆசை அது. அதனால் 2015 கடைசியில் குவென்டின் டரன்டினோ ஒரு வெஸ்டர்ன் எடுத்திருக்கிறார் என்றதும் பெரிய எதிர்பார்ப்பு. சும்மா இல்லை. ‘பென்-ஹர்’ படக் காலத்து அல்ட்ரா பனாவிஷன் 70 என்ற அகலத்திரை லென்ஸ்களைத் தேடியெடுத்துப் பொருத்தினார்கள். 1966-க்குப் பிறகு அதுவரை யாரும் அவற்றில் ஒரு முழுப்படம் எடுத்ததில்லை. திரையின் அகலம் உயரத்தைப் போல 2.76 மடங்கு. கொலராடோவில் பனிக்காகக் காத்திருந்து படம் பிடித்தார்கள். இசை என்னியோ மோரிக்கோனே. அந்த இசைக்காகத்தான் 87 வயதில் அவருக்குப் போட்டிப் பிரிவில் முதல் ஆஸ்கர் கிடைத்தது. ஆக்கப் பொறுப்பது என்றால் இதுதான்.

கதை அமெரிக்காவின் வயோமிங்கில், ஒரு பனிப்புயலில் நடக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகள். ஜான் ரூத் என்பவன், தலைக்கு விலை வைக்கப்பட்ட டெய்சி என்ற பெண்ணைத் தன் கையோடு விலங்கிட்டுத் தூக்குமேடைக்குக் கொண்டுபோகிறான். வழியில் மின்னி என்ற அம்மாளின் கடையில் ஒதுங்குகிறார்கள். அந்தக் கடையின் கதவு இருக்கிறதே, அதை நீங்கள் பார்க்க வேண்டும். தாழ்ப்பாள் உடைந்துபோன கதவு. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் காலால் உதைத்துத் திறக்க வேண்டும். வந்த பிறகு இரண்டு பலகை வைத்து ஆணி அடித்து மூட வேண்டும். "ரெண்டு பலகை அடி!" என்று உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். ஒருமுறை, இருமுறை, மறுபடி, மறுபடி. வெளியே எவ்வளவு குளிர் என்பது அந்தச் சுத்தியல் சத்தத்திலேயே தெரியும். தரைப்பலகை இடுக்கில் ஒரு மிட்டாய் கிடக்கிறது. அலமாரியில் மிட்டாய் ஜாடி இருந்த இடம் காலியாக இருக்கிறது. அதிலிருந்தே இங்கே காலையில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கிறோம். இடைவேளை நெருங்கும்வரை அந்தக் கடைக்குள் ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. அடடா, இப்படியல்லவா ஒரு வெஸ்டர்ன் இருக்க வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் தொடங்குகிறது. விஷம் கலந்த காபி, ரத்த வாந்தி, சிதறும் தலைகள். டெய்சியின் முகத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நம்மைச் சிரிக்கவைப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் பல் உடைவது சிரிப்பா? மின்னியும் அவள் வீட்டாரும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தவர்கள். அவர்களைக் கொன்று கிணற்றில் போடுகிறார்கள். கடைசியில் எஞ்சும் இருவரும் குண்டடிபட்டுச் சாகக் கிடக்கிறார்கள்.

இந்தப் படத்தை வீட்டு டிவியில்தான் பார்த்தேன். பக்கத்தில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "இவ்வளவு பேரு செத்தாங்களே, ஒருத்தருக்காவது யாராவது அழுதாங்களா?" அவள் ஒப்பாரி கேட்டு வளர்ந்த ஊர்க்காரி. துக்க வீட்டில் முதல் நாள் யார் அழுதார், பதினாறாம் நாள் யார் வந்தார் என்று இன்றும் சொல்வாள். என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், தன் மகனுக்கு என்ன நேர்ந்தது என்று அறிய வந்த ஒரு கிழத் தளபதி இருக்கிறார். அந்தத் துக்கத்தையும் அவரைத் துப்பாக்கி எடுக்கவைக்கும் தூண்டிலாகத்தான் படம் பயன்படுத்துகிறது. கண்ணீருக்கு நேரம் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். படத்தில் டெய்சி கிதார் வாசித்து ஒரு பாட்டுப் பாடுவாள். அந்தக் கிதார் சாதாரணக் கிதார் இல்லை. பென்சில்வேனியாவில் மார்ட்டின் என்ற பழைய கிதார் நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய அருங்காட்சியகத்திலிருந்து 1870-களில் செய்த கிதார் ஒன்றை இரவலாக வாங்கி வந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் எண்ணிப் பாருங்கள். என் தாத்தாவின் தாத்தா காலத்து மரம். எத்தனை விரல்கள் பட்டிருக்கும், எத்தனை வீட்டுக் கல்யாணத்தில் பாடியிருக்கும். காட்சிப்படி ஜான் ரூத் அந்தக் கிதாரைப் பிடுங்கித் தூணில் அடித்து நொறுக்க வேண்டும். திட்டம் என்னவென்றால், பாட்டு முடிந்ததும் கட் சொல்லி நிறுத்துவது, உண்மைக் கிதாரை எடுத்துவிட்டு அதே போலச் செய்த போலிக் கிதாரைக் கொடுப்பது, அதை உடைப்பது. போலி தயாராகப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் உடைக்க வேண்டிய நடிகர் கர்ட் ரஸ்ஸலுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. கையில் இருப்பது போலி என்றே நினைத்தார். பாட்டு முடிந்தது, கட் வரவில்லை. அவர் பிடுங்கினார், அடித்தார். நூற்று நாற்பது வருஷத்துப் பலகை தூள்தூளாகப் போனது. டெய்சியாக நடித்த ஜெனிஃபர் ஜேசன் லீ ‘ஐயோ ஐயோ’ என்று கத்திக்கொண்டே கேமராவுக்கு வெளியே இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்கிறார். அது நடிப்பே இல்லை, நிஜமாகவே பதறுகிறார். அந்த ஷாட்டை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு, இனி எந்தப் படத்துக்கும் கிதார் இரவல் தருவதில்லை என்று அருங்காட்சியகம் முடிவெடுத்துவிட்டது.

உடைத்தவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள். அருங்காட்சியகத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுவரப் பொறுத்தார்கள். மாற்றி வைக்க ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லை. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலாகாதா? இன்னொன்றும் சொல்கிறேன். இத்தனை சாவுகள் நிறைந்த அந்தப் படத்தில் உண்மையான ‘ஐயோ’ ஒன்றே ஒன்றுதான் கேட்கிறது. அது ஒரு கிதாருக்காக எழுந்த ‘ஐயோ’. என் மனைவியின் கேள்விக்கு அன்று கிடைக்காத பதில் இதுதான்.

இதே வயோமிங்கில் நடக்கும் இன்னொரு படம் ‘ஷேன்’, 1953. எடுத்தவர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். இரண்டாம் உலகப் போரில் ராணுவப் படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1945-ல் டாஹாவ் வதைமுகாமை நேரில் படம் பிடித்தவர். குண்டு பட்டால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர். அவருடைய படத்தில் டோரி என்ற ஏழை விவசாயியைச் சேற்றுத் தெருவில் சுட்டுப்போடுகிறார்கள். நடிகரைக் கம்பியால் கட்டிப் பின்னால் இழுத்துத் தூக்கியெறிந்தார்கள், குண்டின் வேகம் தெரியட்டும் என்று. ஒரே ஒரு குண்டு. அதற்குப் பிறகு என்ன? அடக்கம். மேட்டில் ஒரு குழி, ஹார்மோனிகாவில் ஒரு பாட்டு, டோரியின் நாய் சவப்பெட்டியில் காலை வைத்து முனகும். இந்தப் பக்கம் மனைவி தாங்க முடியாமல் நிற்பாள், அந்தப் பக்கம் சிறுபிள்ளைகள் ஒன்றும் புரியாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியை இயக்குநர் அவசரப்படுத்தவே இல்லை. ஊரைவிட்டுப் போகலாம் என்றிருந்தவர்கள் அந்தக் குழியருகே நின்றுதான் இருக்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். துப்பாக்கியின் கனம் என்று நான் சொன்னது இதைத்தான்.

போன மாதம் இந்த ‘ஷேன்’ படத்தை நம் திரைப்படக் கழகம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் திரையிட்டது. வந்தவர்களுக்குத் தெரியும். படம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த கல்லூரிப் பிள்ளை ஒருவன் ஏதோ கேட்கக் கையைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்துச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு மண்டபத்துக்காரர் வந்தார். எட்டரை மணிக்கு விளக்கு அணைந்தது. அந்தப் பையன் என்ன கேட்க வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெருவில் தேடினேன், போய்விட்டான்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். நம் நூலகத்துக்கு மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. நூறு பேர் உட்காரலாம். ஜன்னல் எட்டு, மின்விசிறி ஆறு. கூட்டங்கள் நடத்துவதற்கென்றே கட்டியது. இன்று அதில் என்ன இருக்கிறது? உடைந்த பெஞ்சும் பழைய ரெஜிஸ்டர் மூட்டைகளும். மூன்று முறை மனு கொடுத்தோம். ஒரு முறை கோப்பு நகர்கிறது என்றார்கள், இன்னொரு முறை பொறுப்பு எங்களுடையது இல்லை என்றார்கள், மூன்றாவது முறை பதிலே இல்லை.

நாங்கள் கேட்பது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. படம் ஓட இரண்டரை மணி நேரம், படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம். அந்த இரண்டாவதுதான் எங்களுக்கு முக்கியம். ரத்தக் காட்சிகளைத் தடுக்க வேண்டும், வெட்ட வேண்டும் என்று நான் மேடை ஏறவில்லை. நம் பிள்ளைகள் கைபேசியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு படம் முடிந்த நொடியே அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. செத்தவனைப் பற்றி நினைக்க ஒரு நிமிடம் கிடையாது. ‘ஹேட்ஃபுல் எய்ட்’டையே அந்தக் கூடத்தில் போடுவோம், பெரியவர்களுக்கு மட்டும். விளக்கைப் போட்ட பிறகு என் மனைவி கேட்டதை எல்லோரும் சேர்ந்து கேட்போம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலாகாதா? ஆறுவதற்கு ஓர் இடம் கொடுங்கள் என்றுதான் அம்மாவிடம் கேட்கிறேன்.

மூட்டைகளை இறக்க ஆட்கள் நாங்களே வருகிறோம். சுண்ணாம்பு அடிக்கும் செலவை அண்ணாச்சி ஏற்றுக்கொள்வதாக இப்போதுதான் காதில் சொன்னார். கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டலாம்.

லிங்கன் கடிதத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை, மைக் செட் தம்பி கையைக் காட்டுகிறார். நான்காவது மனு வாசலில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். பெயரும் தெருவும் தெளிவாக எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள். வணக்கம்.