குறி எதுவென்று குண்டே சொல்லும்

நண்பர்களே, ஒரு நகரத்தின் மீது குண்டு போட்ட பிறகு ஆலையைக் குறிவைத்தோம், ரயில் நிலையத்தைக் குறிவைத்தோம் என்று அறிக்கை வரும். அதை ஓரமாக வையுங்கள். என்ன குண்டு, எவ்வளவு உயரம், எந்த நேரம், எந்த இடம் என்று பாருங்கள். நோக்கம் தானே வெளிப்படும். 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவுக்கு நேர்ந்ததை அப்படிப் பார்ப்போம்.

அதுவரை அமெரிக்காவின் பி-29 விமானங்கள் பெரும்பாலும் பகலில், 30,000 அடி வாக்கில் பறந்து ஆலைகளைக் குறிவைத்தன. மேலே அடித்த கடுங்காற்றாலும் மேகத்தாலும் குறி தப்பிக்கொண்டே இருந்தது. அந்த விமானப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கர்ட்டிஸ் லெமே முறையையே மாற்றினார். இரவில் போங்கள், 5,000 முதல் 9,000 அடிக்குள் பறங்கள் என்றார். விமானத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு, மிச்சமான எடைக்கும் குண்டே ஏற்றினார்கள். ஏற்றியது எம்-69 என்ற நேபாம் தீக்குண்டு; நேபாம் என்பது ஒட்டிக்கொண்டு எரியும் பெட்ரோல் கூழ். கனமான கான்கிரீட் கட்டடத்தை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மர வீட்டின் கூரையைத் துளைத்து உள்ளே போய் எரிவதுதான் அதன் வேலை. 1943-இல் யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சாகக் கட்டி, தரையில் டடாமி பாய் விரித்து, கொளுத்திப் பார்த்திருந்தார்கள். பாய் வரைக்கும் யோசித்தவர்களுக்கு அதில் படுப்பவர்கள் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

அன்றிரவு 279 விமானங்கள் 1,600 டன்னுக்கு மேல் கொட்டின. குறி, சுமிதா ஆற்றையொட்டி மக்கள் நெருங்கி வாழ்ந்த அசகுசா சுற்றுவட்டாரம். பலத்த காற்று வேறு. சுமார் 41 சதுர கிலோமீட்டர் சாம்பலானது. இறந்தவர்கள் ஒரு லட்சம் அளவில். பத்து லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள்.

ஜப்பான் அரசும் யோக்கியமில்லை. 1938 முதல் சீனாவின் சோங்சிங் மீது அதுவும் இப்படித்தான் குண்டு வீசியது. நகரத்தை விட்டு ஓடாதே, நின்று தீயை அணை என்று சொந்த மக்களையே சட்டம் போட்டுக் கட்டியது. அதற்கெல்லாம் அசகுசாவின் குழந்தை எப்படிப் பொறுப்பு?

வீட்டுக்கு வீடு உதிரி பாகம் செய்தார்களே என்பது லெமே தரப்பின் வாதம். சில வீடுகளில் செய்திருக்கலாம். கடைசல் இயந்திரம் இருந்த வீட்டுக்காக வட்டாரத்தையே கொளுத்தலாமா? ஒரு நகரில் தனித்தனியே இருக்கும் இராணுவ இலக்குகளை ஒரே இலக்காகப் பாவித்துக் குண்டு வீசக்கூடாது என்று போரில் பொதுமக்களைக் காக்க வந்த 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, பிரிவு 51, இந்த வாதத்தை நேராகவே அடைக்கிறது. அமெரிக்கா கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யவில்லை. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவேயில்லை.

மக்கள் செறிந்த இடத்தில் விமானத்திலிருந்து தீக்குண்டு போடுவதை, தீ ஆயுதங்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டின் வேறொரு சர்வதேச நெறிமுறை தடை செய்கிறது. அதில் அமெரிக்கா 2009-இல் சேர்ந்தது, ஒரு விலக்கோடு: வேறு ஆயுதத்தைவிடத் தீக்குண்டால் பொதுமக்கள் சேதம் குறையும் என்று தோன்றினால் போடுவோம். தோன்ற வேண்டியது யாருக்கு? குண்டு போடுகிறவருக்கு.